சியானில் குழுவோடு சுற்றுவது: ஓர் அச்சகக்காரனின் நிமிடக் கணக்கு

குழுவோடு போனால் ஊரைப் பார்க்க முடியாது, வழிகாட்டி தூக்கிப் பிடிக்கும் கொடியைத்தான் பார்க்க முடியும் என்று கேலி பேசுவார்கள். பாதி நிஜம்தான். ஆனால் 64 வயதில், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத சீனாவில், ரயில் டிக்கெட்டிலிருந்து சாப்பாடு வரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்ப எனக்குத் தெம்பில்லை. சிவகாசியில் நாற்பது வருஷம் அச்சகம் நடத்தியவன். தீபாவளி முடிந்த கையோடு காலண்டர் வேலையை மகனிடம் தள்ளிவிட்டு, வீட்டம்மா, மச்சான், நான் மூவரும் சென்னையிலிருந்து கிளம்பிய 26 பேர் கொண்ட குழுவில் சேர்ந்துகொண்டோம். பெய்ஜிங், சியான், ஷாங்காய். சியானுக்கு ஒதுக்கியது 2 இரவு. மச்சான் முதல் நாளே “விக்ரம் ஊரு” என்று ஆரம்பித்துவிட்டார். ஷி-ஆன் என்று சொல்ல வேண்டும் என்று வழிகாட்டிப் பெண் திருத்தியும் அவர் மாறவில்லை.

என் கணக்கு இதுதான். பணத்தை ஊரிலேயே கட்டியாகிவிட்டது. அங்கே போய்ச் செலவழிக்க உங்களிடம் மிஞ்சுவது நிமிடங்கள் மட்டும். “இங்கே ஒன்றேகால் மணி நேரம்” என்று கொடியை இறக்குவார்களே, அந்த ஒன்றேகால் மணி நேரம் உங்களுடையது. பாதிப் பேர் அதை வாசலில் படம் எடுப்பதிலும் கழிவறை வரிசையிலும் தொலைக்கிறார்கள். அதை எங்கே எப்படிச் செலவழிக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை கொஞ்சம். அலிபே அல்லது வீசாட் என்ற பணம் கட்டும் சீனச் செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். இளநீர் வண்டி மாதிரி சின்னக் கடைக்காரர்கூட கியூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே வேலை செய்யாது. நம் ஊர் சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டால் செய்யும். பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வராதீர்கள். முக்கியமான இடங்களின் டிக்கெட் எல்லாம் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டிப்போட்டது, வாசலில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். கழிவறைக் காகிதம், ஒரு பிளாஸ்க். வெந்நீர் எங்கும் இலவசமாகக் கிடைக்கும். ஜில் தண்ணீர் கேட்டால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அக்டோபர் 1 முதல் 7 வரை மட்டும் போகவே போகாதீர்கள். அவர்களுடைய தேசிய விடுமுறை, நாடே ரயிலில் இருக்கும்.

போய் இறங்கிய முதல் இரவே ஒரு வேலை உண்டு. வழிகாட்டியிடம் போய், “திட்டத்தில் இல்லாத இந்த ஓர் இடத்துக்கு எனக்கு மட்டும் பதிவு செய்து தர முடியுமா?” என்று கேளுங்கள். முன்பதிவில்லாமல் நினைத்த நேரத்தில் நுழைகிற அருங்காட்சியகங்கள் அங்கே குறைவு. மறுநாள் காலை பஸ்ஸில் 26 பேர் நடுவில் கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? ஒருவருக்குச் சலுகை தந்தால் எல்லாரும் கேட்பார்கள். முதல் இரவு லாபியில், தனியாக, கையில் ஒரு பாக்கெட் கடலை மிட்டாயோடு கேட்டேன். மூவருக்கும் பதிவு போட்டுக் கொடுத்தாள். எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சுடுமண் வீரர்கள். பேரரசர் ஒருவரின் சமாதிக்குக் காவலாக மண்ணுக்குள் புதைத்த சிலைகள். ஊரிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர், லின்தோங் பகுதி. 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய விவசாயிகளின் கடப்பாரையில் தட்டுப்பட்டது இந்தப் படை. சீனாவை முதன்முதலாக ஒரே குடைக்கீழ் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங், கி.மு. 210இல் இறந்தவர். அவருடைய சமாதி மேடு இங்கிருந்து மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர். அதை இன்னும் தோண்டவில்லை. வாசலிலிருந்து சிலைகள் நிற்கும் குழிகள் வரை நல்ல நடை. முழங்கால் வலிக்காரர்கள் பேட்டரி வண்டியில் ஏறிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

1ஆம் குழி 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். நுழைந்தவுடன் எதிரே கம்பித் தடுப்பு. படங்களில் நாம் பார்த்த காட்சி அங்கிருந்துதான் தெரியும் என்பதால் நாலு வரிசைக் கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதில் புகுந்து முட்டி மோதாதீர்கள். கூட்டத்தை விட்டுவிட்டு ஓரத்து நடைபாதையில் நேராகப் பின்கோடிக்குப் போங்கள். அங்கேதான் ஒட்டு வேலை நடக்கிறது. தலையில்லாத உடல்கள், கையில்லாத தோள்கள், உடம்பெல்லாம் பிளாஸ்டிக் தாளும் பட்டையும் சுற்றி, எண் சீட்டு தொங்க, நம் பைண்டிங் அறையில் காயப்போட்ட கட்டுகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. முன்பக்கம் கம்பீரமாக நிற்பவர்களும் இப்படித் துண்டு துண்டாகக் கிடந்து எழுந்தவர்கள்தான் என்பது இங்கே வந்தால்தான் உறைக்கும். இவர்களுக்கு ஒரு காலத்தில் வண்ணமும் இருந்தது. மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து காய்ந்ததும் அடியில் பூசிய அரக்கு சுருண்டு, வண்ணத்தையும் உரித்துக்கொண்டு போய்விடுகிறது. சில நிமிடங்களில். மை காயாமல் படுத்தினால் அச்சகக்காரன் அழுவான். இங்கே காய்ந்ததே கேடு.

அதன்பிறகு 3ஆம் குழி. சின்னது, தளபதிகளின் இடம், பத்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தை எல்லாம் 2ஆம் குழியில் போடுங்கள். அங்கே சில சிலைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், ஒரு முழ தூரத்தில் நின்று பார்க்கலாம். மண்டியிட்ட வில்லாளி ஒருவர் இருப்பார். எல்லாரும் முன்னால் நின்று முகத்தைப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் பின்னால் போய்க் குனிந்து, மடங்கிய வலது காலின் செருப்படியைப் பாருங்கள். நூல் தையல் புள்ளி புள்ளியாக, விரல் பக்கமும் குதிகால் பக்கமும் நெருக்கமாக, நடுவில் கொஞ்சம் விலகி. தேயும் இடத்தில் தையல் அதிகம் போட வேண்டும் என்பதைச் செருப்பு தைத்தவனும் அறிந்திருக்கிறான், அதை மண்ணில் செய்தவனும் கவனித்திருக்கிறான். “அண்ணாச்சி, முட்டி போட்டு என்ன தேடுறீங்க?” என்று டூர் மேனேஜர் பையன் கேட்டான். அவனையும் குனிய வைத்தேன்.

1980இல் கிடைத்த இரண்டு வெண்கல ரதங்களும் உண்டு. நிஜ ரதத்தில் பாதி அளவு. முன்பு குழிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. 2021இலிருந்து சமாதி மேட்டருகே லிஷான் தோட்டத்தில் தனிக் கட்டடம். அதே டிக்கெட்தான், இலவசப் பேருந்தும் ஓடுகிறது. ஆனால் கூடுதலாக ஒரு மணி நேரம் வேண்டும் என்பதால் குழுக்கள் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன. திட்டத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. பார்க்கவும் இல்லை.

அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது? ஜேட் என்னும் பச்சைக்கல் கடைக்கு. பயணத் திட்டத்தில் “தொழிற்சாலைப் பார்வை” என்று அழகாகப் போட்டிருக்கும். கட்டணத்தைக் குறைத்துக் காட்டினால் குறைத்ததை எங்கேயாவது பிடிக்கத்தானே வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒருவர் கல்லை அரைத்துக் காட்டுவார், மீதி நாற்பது நிமிடம் கதவு கண்ணுக்குத் தெரியாது. மருமகளுக்கு ஒரு வளையல் 1,200 யுவான் சொன்னார்கள். சிவகாசிக்காரனிடமா என்று பேரம் பேசி 600க்கு முடித்தேன். அன்று மாலையே கடைத்தெருவில் அதே மாதிரி ஒன்றை ஒரு கிழவி 60 என்றாள். இரண்டும் ஒரே கல்லா என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டம்மா மட்டும், “நீங்க இன்னும் கொஞ்சம் பேரம் பேசியிருந்தா 500க்குக் கொடுத்திருப்பான்” என்று சொல்லி என்னைக் கொன்றாள். கடைக்குப் போவதைத் தவிர்க்க முடியாது. வழிகாட்டியிடம் சண்டையும் வேண்டாம், அவர் பிழைப்பு அது. உள்ளே நல்ல கழிவறையும் நாற்காலியும் இருக்கும், இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மதிய உணவு பெரும்பாலும் இந்திய உணவகம். ஒருவேளையாவது ஊர்ச் சாப்பாடு சாப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. “இறைச்சி, மீன், முட்டை, கறிச்சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம்” என்று வழிகாட்டியிடம் சீனத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, அதைச் செல்போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் “சைவம்” என்றால் காய்கறியைக் கறிச்சாற்றில் வேகவைத்துத் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது சைவம்தான். லியாங் பி என்று ஒன்று கிடைக்கும். மாவில் செய்து பட்டையாக வெட்டியது, ஆறினபடியே வினிகரும் மிளகாய் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். வீட்டம்மாவும் நானும் இரண்டு நாளில் மூன்று தட்டு.

இனி மதில். சியானைச் சுற்றி நிற்கும் மதில் மிங் அரச மரபின் காலத்தது, 1370களில் எழுப்பியது. சுற்றளவு கிட்டத்தட்ட 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர். மேலே இரண்டு லாரி எதிரெதிரே போகலாம், அவ்வளவு அகலம். தெற்கு வாசலில் ஏற்றிவிடுவார்கள். வாடகை சைக்கிள் உண்டு. மச்சான் எடுத்தார். செங்கல் தளம் மேடும் பள்ளமுமாக இருக்கும், ஷாங்காய் போகும்வரை அவர் உட்காரும்போதெல்லாம் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்தார். முழுச் சுற்று வர இரண்டு மணி நேரமாவது வேண்டும். உங்களுக்குத் தந்திருப்பது ஒன்றேகால் மணி நேரம்.

நான் வழிகாட்டியிடம் கேட்டு வாங்கிய இடம் இங்கேதான் வருகிறது. தெற்கு வாசலில் ஏறி மதில்மேல் கிழக்கே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வென்சாங் வாசல். அங்கே இறங்கினால் பக்கத்திலேயே கல்வெட்டு வனம், பெய்லின் அருங்காட்சியகம். மதிலையும் பார்த்த மாதிரி, கல்வெட்டையும் பார்த்த மாதிரி. திரும்பும்போது ஷூயுவான்மென் என்ற தெரு வழியாக நடந்தால் தூரிகை, மைக்கல், காகிதக் கடைகளைக் கடந்து மறுபடியும் தெற்கு வாசல் பஸ்ஸுக்கே வந்து சேரலாம். முக்கால் மணி நேரம் உள்ளே கிடைக்கும். கடலை மிட்டாய்க்குப் பலன்.

1087இல் தொடங்கிய தொகுப்பு அது. முதல் கூடத்தில் தலைக்கு மேல் உயர்ந்த 114 கற்கள், இரண்டு பக்கமும் எழுத்து. கன்பூசிய நூல்கள் பன்னிரண்டையும் 837இல் கல்லில் வெட்டி முடித்திருக்கிறார்கள். எதற்கு? கையால் படியெடுக்கும்போது ஆளுக்கொரு பிழை சேரும். மாணவர்கள் சரிபார்த்துக்கொள்ள மாறாத மூலம் ஒன்று வேண்டும். இதை நான் உடனே புரிந்துகொண்டேன். தினக்காட்டியில் ஒரு முகூர்த்த நாள் தப்பாக அச்சானால் என்ன ஆகும் என்று அனுபவித்தவனுக்கு, கல்லில் வெட்டிய புரூப்பைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். இரண்டாம் கூடத்தில் 781இல் நிறுத்திய கல் ஒன்று. சீனத்தில் கிறிஸ்தவம் நுழைந்த கதையைச் சொல்வது, உச்சியில் சிலுவை, ஓரத்தில் சிரியாக் என்ற மேற்காசிய மொழி எழுத்து. அதைத் தவற விடாதீர்கள்.

ஆனால் நான் நின்றது வேறு இடத்தில். டொக், டொக், டொக் என்று சத்தம் வந்தது. ஒருவர் கல்லிலிருந்து படியெடுத்துக்கொண்டிருந்தார். மெல்லிய காகிதத்தை ஈரக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் குத்திக் குத்தி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குகிறார். பாதி காயும்வரை பொறுக்கிறார். பிறகு துணி மூட்டை ஒன்றில் மையைத் தொட்டு, அதை இன்னொரு மூட்டையில் தட்டி மிகையை எடுத்துவிட்டு, காகிதத்தின் மேல் தட்டுகிறார். எழுத்தைச் சுற்றிய இடம் கறுக்கிறது, பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாகவே நிற்கிறது. எங்கள் பாஷையில் ரிவர்ஸ். நாங்கள் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருக்கும். கோப்பவனுக்குத் தலைகீழாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே மை கல்லில் படுவதே இல்லை, காகிதத்தின் முகத்தில்தான் படுகிறது. அதனால் எழுத்து திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. இருபது நிமிடம் நின்றிருப்பேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். என் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்து, மை கெட்டியா என்று சைகையில் கேட்டேன். சிரித்துக்கொண்டு மூட்டையை நீட்டினார். கெட்டிதான். கல்லின் நகலை வாங்க நினைத்தால் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மடித்தால் வீண்.

மாலை முஸ்லிம் தெரு. முரசுக் கோபுரத்துக்குப் பின்னால். இங்கே பன்றி இறைச்சி கிடையாது, ஆனால் ஆடும் மாடும் உண்டு, மாடு சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். யாங் ரோ ஆடு, நியூ ரோ மாடு. ஆட்டுச் சாற்றில் ரொட்டி போட்டுத் தரும் பாவ்மோ இந்த ஊரின் பெயர் பெற்ற சாப்பாடு. கெட்டி ரொட்டியைக் கையில் கொடுத்து நீங்களே பிய்க்கச் சொல்வார்கள், மொச்சை அளவுக்குக் கீழே. மச்சான் அவசரத்தில் வடைத் துண்டு மாதிரி பிய்த்துக் கொடுத்தார். சமையல்காரர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். ஐப்பசியில் போனால் மாதுளையும் பெர்சிமன் எனும் சீமைப் பனிச்சைப் பழமும் குவிந்து கிடக்கும். அந்தப் பழத்தைப் பிசைந்து மாவில் வைத்துப் பொரித்த அப்பத்தைச் சூடாகச் சாப்பிடுங்கள். தெருவின் இரைச்சல் தாங்காவிட்டால் சந்துக்குள் திரும்பி பெரிய பள்ளிவாசலுக்குப் போய்விடுங்கள். குவிமாடம் தேடினால் கிடைக்காது. முற்றம் முற்றமாகத் தோட்டம், வளைந்த ஓட்டுக் கூரை. பாங்கு சொல்லும் இடம்கூட எண்கோண மண்டபம்தான். தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம்களுக்கு மட்டும் அனுமதி.

இங்கேதான் நான் தொலைந்தேன். பக்கத்து மணிக்கூண்டைச் சுற்றி வண்டிகள் வளைய வருகின்றன, நடப்பவர்களுக்குத் தரைக்கடியில் வட்டமான பாதை. எந்தப் படியில் ஏறினாலும் மேலே அதே மணிக்கூண்டு, ஆனால் வேறு தெரு. மூன்று முறை ஏறி மூன்று முறையும் தப்பு. எனவே சந்திக்கும் இடம் “மணிக்கூண்டு” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த வெளிவாசல், என்ன எழுத்து என்று கேட்டு அந்தப் பலகையைப் படம் எடுங்கள். ஹோட்டல் அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். நான் கடைசியில் அந்த அட்டையை ஒரு போலீஸ்காரரிடம் காட்டித்தான் தப்பித்தேன். பஸ் 25 நிமிடம் காத்திருந்தது. மறுநாள் காலை எல்லாருக்கும் நான்தான் மாதுளைச் சாறு வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் பெரிய காட்டுவாத்துக் கோபுரம். நம் பாடப் புத்தகத்து யுவான் சுவாங்கேதான். 645இல் இந்தியாவிலிருந்து 657 நூல்களோடு திரும்பியவர், அவற்றை வைக்க 652இல் எழுந்த கோபுரம் இது. 640 வாக்கில் காஞ்சிபுரம் வரை வந்துபோனவர் என்று குழுவில் ஒரு பாட்டியிடம் சொன்னேன். “எங்க ஊருக்கா?” என்று கேட்டுவிட்டு, வாசலில் நிற்கும் அவர் சிலைக்கு நேராகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேலே ஏறத் தனி டிக்கெட், ஏழு நிலை, குறுகலான படி. ஏறுவதை விடக் கீழே தெற்கு வாசலின் இருபுறமும் மாடத்தில் பதித்த இரண்டு கற்களைப் பாருங்கள். 653இல் வெட்டியவை. ஒன்றை வழக்கம்போல வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறார்கள், மற்றதை இடமிருந்து வலமாக. வாசலுக்கு இரு புறமும் ஒன்றை ஒன்று பார்த்து நிற்க வேண்டும் என்று பக்கத்தையே புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பிற்பகல் ஷாங்காய் விமானம். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் அவர்கள் ஊர் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்றுவதில்லை. பெட்டியில் போட்டு அனுப்பவும் கூடாது. நம் ஊரில் வாங்கியவற்றில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. வீட்டிலேயே புரட்டிப் பார்த்துவிடுங்கள். மச்சானுடையது புதுசு, பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் இருந்த தொட்டியில் அவரே போட்டார். போடும் முன் அதிலிருந்து தன் செல்போனுக்கு நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் சார்ஜ் ஏற்றிக்கொண்டார்.